அந்தப்புரக் கதையா பெண் விடுதலை?

ஜப்பான் தேசத்தில் ‘மாங்கா’ என்று ஒன்று இருக்கின்றது. நமது மாங்காயல்ல, சித்திரக்கதைப் புஸ்தகம். அதையே அசையும் படமாக்கினால் ‘அனிமே’ என்று பெயர். இவற்றில் ‘ஹாரெம்’, அதாவது அந்தப்புரம், என்று ஒரு வகை. ஒரு பையன்; அவனைச் சுற்றி ஐந்தாறு பெண்கள்; அத்தனை பேருக்கும் அவன் பேரிலேயே ஆசை. இதைப் பெண் விடுதலைக் கதை என்று சில மேதாவிகள் வாதாடுகின்றார்கள். இக்கதைகளில் பெண்கள் கெட்டிக்காரிகள், பலசாலிகள். ஆணோ அசடு, அடியும் படுகின்றான். ஆகவே பெண்ணுக்கே மேலிடம் என்பது அவர்கள் நியாயம்.

சரி, அகமாட்சு கென் என்பவர் 1998 முதல் 2001 வரை எழுதிய ‘லவ் ஹினா’வையே எடுத்துக்கொள்ளுவோம். டோக்கியோ சர்வகலாசாலைப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்ற ஒரு பையன், பாட்டியின் தயவால் பெண்கள் விடுதிக்கு மானேஜராகிவிடுகின்றான். அங்கே ஒருத்தி படிப்பிலே புலி; ஒருத்தி வாள்வித்தைக்காரி. இவனோ அவர்கள் குளிக்கும் இடத்தில் தவறி விழுவதையே உத்தியோகமாகக் கொண்டவன். உடனே ஒரு குத்து விழுகின்றது. “பார்த்தீர்களா பெண் வீரத்தை!” என்கின்றார்கள். நாம் கேட்கின்றோம்: குத்து வாங்கினவன் கதைப் பையன், கண்ணாரப் பார்த்தவன் காசு கொடுத்துப் புஸ்தகம் வாங்கினவனல்லவா? அவனுக்கு எந்தக் குத்து விழுந்தது? வாளெடுத்த பெண்ணும் கடைசியில் அந்த அசட்டுக்காகத்தானே ஏங்குகின்றாள்?

ஹருபா நெகி 2017 முதல் 2020 வரை எழுதின கதையில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகள், அவர்களுக்கு ஒரு வாத்தியார்ப் பையன். ஐவரில் எவள் மணப்பெண் என்று ஊகிப்பதே வாசகனுக்கு வேலை. சந்தையில் மாடு பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசமோ, தெரியவில்லை.

இது வெறும் கற்பனையென்றும் தள்ளிவிட முடியாது. 1870இல் அந்நாட்டுச் சட்டமே வைப்பாட்டியை உறவினர் கணக்கில் சேர்த்திருந்தது. 1882இல் அமுலுக்கு வந்த சட்டத்தில்தான் அது எடுபட்டது. சட்டம் போயிற்று, ஆசை மாத்திரம் படத்தில் குடியேறிவிட்டது.

நிற்க, யோஷினகா ஃபூமி என்ற பெண்மணி 2004இல் தொடங்கிய ‘ஓஒகு’ கதையைப் பார்ப்போம். கொள்ளை நோயில் வாலிபர்கள் மாண்டுபோக, பெண்ணே ஷோகனாகி ஆளுகின்றாள். அழகான ஆண்கள் கோட்டைக்குள் அடைபடுகின்றார்கள். படிக்கின்ற ஆண்பிள்ளைக்கு அப்பொழுதுதான் வயிற்றைக் கலக்கும். ஆளுகின்ற பெண்ணுக்கும் அங்கே சுகமில்லை. வாரிசு பெற்றுக் கொடுத்தாக வேண்டும். அந்தப்புரம் என்றால் இன்னதென்று உடைத்துக் காட்டியது இதுதான் என்பது நமது அபிப்பிராயம். 2009இல் தெசுகா ஒசாமு பரிசும் இதற்குக் கிடைத்தது.

வாதாடுகின்ற மேதாவிகளுக்கு நாம் சொல்லுவது இதுதான்: ஐவரில் ஒருத்தி ‘இவன் எனக்கு வேண்டாம்’ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக, கதையும் அவள் பின்னாலேயே போகின்ற ஓர் அந்தப்புரப் புஸ்தகத்தைக் காட்டட்டும், நாமே காசு கொடுத்து வாங்குகின்றோம்.