தேங்காய் நிமிர்ந்த இடம்

ரிக் வண்டி ஊருக்குள் நுழைந்தால் அன்று திருவிழாதான். வண்டி அநேகமாக நம்மூருடையதாக இருக்கும். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் இந்த லாரிகள் துளை போடாத மாநிலம் குறைவு. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமம் ஒன்றில் பள்ளிக்கோ சமுதாயக் கூடத்துக்கோ தண்ணீர் வேண்டுமென்றால், முதலில் நீரோட்டம் பார்ப்பவர் வருவார். உள்ளங்கையில் தேங்காய் எந்த இடத்தில் நிமிர்கிறதோ அங்கே ஓர் அடையாளம் வைப்பார். பிறகு பூஜை, எலுமிச்சம்பழம், கம்ப்ரஸரின் பேரிரைச்சல். தண்ணீர் பீறிட்டதும் கைதட்டல், ஒரு போட்டோ. திட்டம் முடிந்துவிட்டதாக எல்லோரும் வீடு திரும்புவார்கள்.

உண்மையில் வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது.

பெங்களூர் பீடபூமிக்கு அடியில் இருப்பது கடும் பாறை. மேலே உள்ள சிதைந்த அடுக்குதான் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கிறது. பழைய திறந்த கிணறுகள் இந்த அடுக்கை நம்பி வெட்டப்பட்டவை. ஆழ்துளைக் கிணறோ அந்த அடுக்கைக் கேசிங் குழாயால் அடைத்துவிட்டு, பாறை விரிசல்களைத் தேடி இறங்குகிறது. கோலார், சிக்கபல்லாபூர் பக்கம் ஆயிரம் அடியைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது. விரிசலில் பல காலமாகச் சேர்ந்த நீர் தீர்ந்ததும் குழாயில் காற்றுதான் வரும். 2024 கோடையில் பெங்களூரில் அரசின் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக முதல்வர் சித்தராமையாவே சொன்னார்.

தண்ணீர் வந்தாலும் நிம்மதியில்லை. அந்த மாவட்டங்களின் ஆழத்து நீரில் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரைப் பள்ளியில் தினமும் குடிக்கும் குழந்தைக்குப் பல்லில் கறை படியும். அளவு மிக அதிகமானால், பின்னாளில் எலும்பும் பாதிக்கப்படும். காய்ச்சிக் குடித்தாலும் ஃபுளோரைடு போகாது.

மாற்று வழி இருக்கிறதா? விமான நிலையத்துக்குப் பக்கத்தில், திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளிக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே ஓர் ஏரிக்கு 'சிஹிநீரு கெரே' என்று பெயர். கன்னடத்தில் இனிய நீர் ஏரி என்று பொருள். பக்கத்திலேயே, ஒரு காலத்தில் ஊருக்குக் குடிநீர் தந்த திறந்த கிணறு. ஏரி வறண்டது, கிணறும் கைவிடப்பட்டது. பெங்களூரின் ஹெப்பாள்-நாகவாரா பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரும் நல்ல மழையும் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு முன் ஏரியை நிரப்பின. பயோம் அறக்கட்டளை நகராட்சியுடன் சேர்ந்து கிணற்றைத் தூர் வாரியது. ஊறிய நீரைச் சோதித்து, வடிகட்டி, சுத்திகரித்து ஊர் விநியோகத்தில் சேர்த்தார்கள். ஆயிரம் அடியில் தேடியது சில பத்தடியில் கிடைத்தது!

இதிலும் சர்ச்சை உண்டு. கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரிக்காமல் ஏரிகளில் விடுவதா என்று விவசாயிகளும் விஞ்ஞானிகளும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தொடர்ந்து சோதிக்காவிட்டால் இனிய நீர் என்பது பெயரில் மட்டுமே இருக்கும்.

ஆக, கிராமத்துப் பள்ளிக்குக் கிணறு தர விரும்பும் புண்ணியவான்கள், ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஊரில் தூர்ந்து கிடக்கும் பழைய கிணற்றை எட்டிப் பார்க்கட்டும். துளைதான் போட வேண்டுமென்றால், மணலும் பாறைத்தூளும் வருவது நிற்கும்வரை கம்ப்ரஸரால் ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லட்டும். பல மணி நேரம் தொடர்ந்து இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்த்த பிறகே மோட்டாரின் குதிரைசக்தியை முடிவு செய்யட்டும். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை நீரைப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். பெங்களூரில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 100 சதுர மீட்டர் கூரையில் விழுவது மட்டும் 90,000 லிட்டர். அதை வடிகட்டிப் பூமிக்குள் இறக்க ஒரு சிறு கிணறு போதும். அதை வெட்டப் பரம்பரையாகவே தெரிந்த மண்ணு வட்டர் சமூகத்தினர் பெங்களூரைச் சுற்றி இன்றும் இருக்கிறார்கள். கப்பன் பூங்காவில் 7 பழைய கிணறுகள் மீண்டது அவர்கள் கைவண்ணத்தில்தான்.

தண்ணீர் கிடைக்காத துளையை அன்றே மூடுவது எல்லாவற்றையும்விட முக்கியம். 2010இலேயே உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்துவிட்டது. இருந்தும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை ஒரு துளை விழுங்கியது. தமிழகமே தூங்காமல் காத்திருந்தும் உயிரோடு மீட்க முடியவில்லை.

தூர் வாருவதற்கும் மூடி போடுவதற்கும் யாரும் மாலை போட மாட்டார்கள். பேப்பரில் படமும் வராது. ஆனால் போட்டோவுக்காகப் பீறிட்ட நீர் மூன்றாவது கோடையிலும் வருமா என்பது, தேங்காய் நிமிர்ந்த இடத்தைவிட இந்த வேலைகளைத்தான் பொறுத்தது.