படிப்பு உண்டு, பதவி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

நர்ஸ்கள் மருந்து எழுதலாமா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர் அத்தனை பேரையும் ஒரே கட்டாகக் கட்டி 'அரை டாக்டர்' என்று எழுதிவிட்டார் கட்டுரையாளர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சுகாதாரத் துறையே அப்படித்தான் நடந்துகொள்கிறது.

உண்மையில் இவர்கள் மூன்று வகை. கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் இடைநிலை சுகாதாரப் பணியாளருக்கென்று வகுத்தது ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி. பிரசவம் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர் வேறு. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மிட்வைஃபரி வழிகாட்டுதலின்படி, நர்சிங் முடித்து பிரசவ அறை அனுபவமும் உள்ளவர் மேலும் 18 மாதம் பயில வேண்டும். சிக்கலில்லாத பிரசவத்தை அவரே முன்னின்று பார்க்கலாம். மூன்றாமவர், ஐசியூ நர்ஸ் பிராக்டிஷனர். பி.எஸ்சி. முடித்து ஓராண்டாவது வார்டில் வேலை பார்த்த பிறகு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் வகுப்பறைக்கு ஐந்தில் ஒரு பங்குதான், மீதியெல்லாம் நோயாளியின் கட்டிலருகே.

இந்த மூன்றாமவருக்காகத்தான் எழுதுகிறேன். படித்து முடித்து வந்தவரை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பணியில் இருந்தவரை எங்கள் அரசு மருத்துவமனையில் அந்தப் பெயரில் ஒரு பதவியைப் பார்த்ததில்லை. ஸ்டாஃப் நர்ஸாகவே சேர்கிறார், ஸ்டாஃப் நர்ஸ் சம்பளமே வாங்குகிறார். பதவி உயர்வும் சீனியாரிட்டிப்படிதான்.

இரவு இரண்டு மணிக்கு ஐசியூவில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஏபிஜி ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று. கார்பன் டை ஆக்சைடு ஏறி, பிஎச் இறங்கியிருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்பது இந்தப் படிப்பு முடித்து டூட்டியில் நிற்கும் பெண்ணுக்குத் தெரியும், படித்ததே அதைத்தான். ஆனால் மெஷின் செட்டிங்கைத் தொட எழுத்துப்பூர்வமான அனுமதி அவளுக்கு இல்லை. டூட்டி டாக்டர் கேஷுவால்டியில் விபத்துக் கேஸோடு மல்லுக்கட்டுகிறார். இவள் போனைக் காதில் வைத்தபடி மானிட்டரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விடிந்ததும் படுக்கை விரிப்புகளை எண்ணி, இன்டென்ட் நோட்டு எழுதி, அடுத்த ஷிப்ட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். விரிப்பு ஒன்று குறைந்தால் மெமோ வரும். வீணாய்ப்போன படிப்புக்கு யாருக்கும் மெமோ வந்ததாகத் தெரியவில்லை!

மருத்துவமனை எழுதிக்கொடுக்கும் நெறிமுறைக்கு உட்பட்டு இவர் தானே முடிவெடுக்கலாம் என்பதுதான் அந்தப் படிப்பின் அடிப்படை. அந்த நெறிமுறையை எழுதிக்கொடுக்கத்தான் ஆளில்லை. நர்ஸ் பிராக்டிஷனர்களுக்குத் தனிப் பணிப் பிரிவு வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே இருக்கிறது. கொள்கை தாளில், படிப்பு கல்லூரியில், பதவி எங்கே?

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் முறை 1965-லேயே தொடங்கிவிட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை நல மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி அது. இன்று அங்கே நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ், பிரசவம் பார்க்கும் நர்ஸ், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பணி. அவர்களிடமும் சண்டை உண்டு. மருந்து எழுதும் அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆனாலும் யார் எதுவரை போகலாம் என்பது சட்டத்தில் இருக்கிறது.

மருத்துவர்களின் கவலையை நான் ஒதுக்கவில்லை. 2019-ல், மருத்துவர் அல்லாதவருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரும் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவை எதிர்த்து அவர்கள் போராடியதில் நியாயம் இருந்தது. எவருக்கு உரிமம், என்ன தகுதிக்கு என்பது அதில் மங்கலாகவே இருந்தது. அதே மங்கலைத்தான் நானும் எதிர்க்கிறேன். எல்லை எழுதப்படாத இடத்தில் தவறு நடந்தால் முதலில் மாட்டுவது நர்ஸ்தான்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அடுத்த அறிவிப்பிலாவது ஐசியூ நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி தனியாக, தனி ஊதிய விகிதத்தோடு வர வேண்டும். சுகாதாரத் துறையினரே, அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்கிற பட்டியலை அரசாணையாகவே வெளியிடுங்கள். முடியாதென்றால் இந்தப் படிப்புக்குப் புதிதாகக் கல்லூரிகளை அனுமதிப்பதை நிறுத்துங்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் வேலை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
தஞ்சாவூர்.