கருணை மதிப்பெண் வேண்டாம், காது கொடுங்கள்

1992இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் சில நண்பர்கள் சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். பெயர் 'புரொப்பெல்லர்'. தட்டில் ஊசியை வைத்ததும் பாட்டுக்கு முன்னால் கேட்பது ஒரு கூட்டத்தின் ஆரவாரம். குழுவின் பெயரைச் சுருக்கி 'ஜி.பி.வி., ஜி.பி.வி.' என்று அரங்கமே அதிரக் கத்துகிறது. உண்மையில் அப்படியொரு கச்சேரி நடக்கவே இல்லை. குழுவினர் மேடை ஏறுவதையே அப்போது ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தார்கள். அந்தக் கோஷத்தை அவர்களே போட்டு, அவர்களே பதிவு செய்து, ஆல்பத்தின் தலையில் ஒட்டினார்கள்.

குழுவின் பெயர் கைடட் பை வாய்ஸஸ். அதற்கு எந்த லேபிளுடனும் ஒப்பந்தம் கிடையாது. 'புரொப்பெல்லர்' அச்சானது 500 பிரதிகள். அட்டை அச்சிடப் பணம் இல்லாததால், குழுவினரும் நண்பர்களும் ஒவ்வோர் உறைக்கும் கையாலேயே படம் வரைந்தும் ஒட்டியும் எண் போட்டார்கள். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அந்தப் பிரதிகள் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கை மாறுகின்றன. வெளியான ஆண்டில் அவற்றைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

ஒப்பந்தம் இல்லாத குழுக்களின் பதிவுகளை விமர்சகர்கள் எப்படி அணுக வேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் குழுவின் கதையை விடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒலிப்பதிவுக் கூடங்களில் கழிந்தது. டேப்பில் ஏறும் இரைச்சலை அடக்குவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த வேலையில் பழகிய காதோடுதான் இந்த இரைச்சல் மிகுந்த பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அந்தக் காதோடுதான் சொல்கிறேன்: இவை அருமையான பதிவுகள். 'வசதியில்லாமல் செய்தவர்கள், பாவம்' என்ற சலுகை எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை.

குழுவின் தலைவர் ராபர்ட் போலார்ட் நான்காம் வகுப்பு ஆசிரியர். கல்லூரியில் பேஸ்பால் வீரராகப் பெயர் எடுத்தவர். பகலில் பள்ளிக்கூடம், மாலையிலும் வார இறுதியிலும் வீட்டின் அடித்தளத்திலோ நண்பரின் கார் கொட்டகையிலோ பாட்டு. 1983 வாக்கில் தொடங்கிய குழு 1986இல் முதல் சிறு தட்டை வெளியிட்டது. 1987இல் இரண்டு ஆல்பங்கள், 1989இல் ஒன்று, 1990இல் ஒன்று என்று சொந்தச் செலவில் தொடர்ந்தது. எல்லாமே சில நூறு பிரதிகள். கடன் ஏறியது, கேட்பார் யாருமில்லை. 'புரொப்பெல்லர்' கடைசித் தட்டு, அதோடு கடையைக் கட்டிவிடலாம் என்றுதான் போலார்ட் முடிவு செய்திருந்தார். அப்போது அவருக்கு வயது 34.

அந்தத் தட்டு கைமாறிக் கைமாறி கிளீவ்லாந்துக்குப் போனது. அங்கே ஸ்காட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னஞ்சிறு லேபிளை நடத்திவந்த ராபர்ட் கிரிஃபின் குழுவைச் சேர்த்துக்கொண்டார். 1993இல் நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. அரங்கில் மேடை ஏறினார்கள். 1994 ஜூனில் 'பீ தவுசண்ட்' வெளிவந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் அப்போது ஆண்டுதோறும் விமர்சகர்களிடம் நடத்திவந்த வாக்கெடுப்பில், பெரிய கம்பெனிகளின் வெளியீடுகளோடு போட்டியிட்டு அது முதல் பத்துக்குள் வந்தது. அந்த ஆண்டே போலார்ட் ஆசிரியர் வேலையை விட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'பீ தவுசண்ட்' ஏதோ லேபிள் கொடுத்த பணத்தில் புதிய கூடத்தில் செய்த ஆல்பம் அல்ல. போலார்ட் தன் பழைய கேசட்டுகளைத் துழாவி, ஆண்டுக்கணக்கில் கிடந்த பாட்டுகளையும் துணுக்குகளையும் எடுத்து, புதியவற்றோடு கோத்து, வரிசையை மாற்றி மாற்றி அடுக்கி உருவாக்கியது அது. விமர்சகர்கள் 1994இல் மெச்சிய இசையில் ஒரு பங்கு, அவர்கள் திரும்பிப் பார்க்காத காலத்திலேயே டேட்டனில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. இடையில் புதிதாக வந்து சேர்ந்தது தட்டின் முதுகில் ஒரு லேபிள் பெயர். என் வாதத்தின் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

மறுபாதி, அந்தப் பாராட்டின் தன்மை பற்றியது. இதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குழுவின் இன்னொரு பாடலாசிரியரான டோபின் ஸ்ப்ரவுட்டிடம் நான்கு தடங்களில் பதியும் கேசட் இயந்திரம் இருந்தது. சாதாரண ஆடியோ கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என நான்கு தடங்கள் உண்டு. இந்த வகை இயந்திரம் நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தும். 1979இல் டாஸ்காம் கம்பெனி இதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இப்படிப்பட்ட பெட்டியில் பதிந்ததுதான்.

நான்கு தடம் போதாதபோது ஒரு வழி உண்டு. மூன்று தடங்களில் டிரம்ஸ், கிதார், குரல் பதிந்து, மூன்றையும் கலந்து நான்காவது தடத்தில் ஏற்றிவிட்டு, பழைய மூன்றையும் அழித்துப் புதிதாகப் பதியலாம். 'பவுன்ஸ்' என்போம். அப்படி ஏற்றிய பிறகு டிரம்ஸை மட்டும் கூட்டவோ, குரலை மட்டும் குறைக்கவோ முடியாது. ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஒரு படி ஏறும். ஆகவே, ஒவ்வோர் அடியிலும் முடிவெடுத்தால் எடுத்ததுதான். எத்தனை தடம் வேண்டுமானாலும் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் சொகுசு அங்கே இல்லை. மெட்டு தன் காலில் நிற்கவில்லை என்றால் அதைத் தூக்கி நிறுத்த வேறு எதுவும் இருக்காது.

'பீ தவுசண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஹார்ட்கோர் யு.எஃப்.ஓ.ஸ்'. அதை ஹெட்போனில் கேளுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிதார் திடீரென்று காணாமல் போகும். சற்றுக் கழித்துத் திரும்பி வரும். எந்த ஒலிப்பதிவாளரும் உடனே 'இன்னொரு டேக்' என்று கையைத் தூக்கும் இடம் அது. நானும் தூக்கியிருப்பேன். ஆனால் அந்த ஓட்டை விழும் கணத்தில் போலார்டின் குரல் அந்தக் கிதாரின் துணையின்றி நிற்கிறது. மெட்டு எவ்வளவு உறுதியானது என்பது அப்போதுதான் தெரிகிறது. அதை அழிக்காமல் விட்டதோடு நிற்காமல், அந்தப் பாட்டையே ஆல்பத்தின் வாசலில் வைத்தார்கள். இது கவனக்குறைவு அல்ல. தெரிந்து எடுத்த முடிவு. வருகிறவர் யாராக இருந்தாலும் இதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும் என்கிறார்கள்.

அந்த ஆல்பத்தில் 20 பாட்டுகள்; மொத்தம் 36 நிமிடம். சராசரியாக ஒரு பாட்டு இரண்டு நிமிடம்கூட இல்லை. பாப், பங்க், சைக்கடெலிக், புரோகிரசிவ் ராக் என்ற நான்கையும் தன் இசையின் தூண்களாகப் போலார்ட் சொல்வதுண்டு. நான்கில் எதை எடுத்தாலும் சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சக்கையை விட்டுவிடுகிறார். பல்லவி பிடித்துப்போய் இன்னொரு முறை வராதா என்று நாம் ஏங்கும்போது பாட்டு முடிந்திருக்கும். 'எக்கோஸ் மைரன்' பாட்டின் குதூகலமும், 'ஐ ஆம் எ சயண்டிஸ்ட்' பாட்டின் நிதானமும், ஸ்ப்ரவுட் பாடும் 'ஆஃபுல் பிளிஸ்' பாட்டின் மென்மையும் எந்தக் கூடத்தில் பதிந்திருந்தாலும் நிற்கக்கூடியவை.

பாராட்டு எழுதியவர்களில் பலர் இதைச் சொன்னார்கள். வேறு பலர் கதையைத்தான் சொன்னார்கள்: வாத்தியார், கார் கொட்டகை, பீர் பாட்டில், நான்கு தட கேசட். 1995இல் வந்த 'ஏலியன் லேன்ஸ்' ஆல்பத்துக்குப் பதிவுச் செலவே பத்து டாலர்தான் என்ற பேச்சு இன்றும் சுற்றுகிறது. பத்து டாலரா, நூறா என்பது இசைக்கு ஒரு பொருட்டே அல்ல. 41 நிமிடத்தில் 28 பாட்டுகளை அடுக்கியும் அந்த ஆல்பம் சிதறவில்லையே, எப்படி? விமர்சகர் விளக்க வேண்டியது இதைத்தான். செலவுக் கணக்கைப் பார்த்து வியப்பது, தேர்வில் சில மதிப்பெண் குறையும் பிள்ளைக்கு வாத்தியார் கருணை மதிப்பெண் போடுவதைப் போன்றது. பிள்ளை தேறிவிடும், எழுதிய விடை சரியா தவறா என்பது கடைசி வரை தெரியாது.

கருணை மதிப்பெண்ணை மறுக்கிறேன் என்றால் குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1986 சிறு தட்டு முறையான கூடத்தில் சுத்தமாகப் பதியப்பட்டது. அதில்தான் குழுவின் முகம் மிக மங்கலாகத் தெரிகிறது. அன்று புகழ்பெற்றுவந்த ஆர்.இ.எம். குழுவின் சாயல் அதில் தூக்கலாக இருக்கிறது. 1987 ஆல்பங்களில் பாதிப் பாட்டுகள் யோசனை அளவிலேயே நின்றுவிடுகின்றன. 1993இல் வந்த 'வாம்பயர் ஆன் டைட்டஸ்' ஆல்பத்தில் இரைச்சல் பல இடங்களில் பாட்டை விழுங்கிவிடுகிறது. அங்கே அது முடிவாக ஒலிக்கவில்லை, இயலாமையாகவே ஒலிக்கிறது. போலார்ட் எதையும் எளிதில் தூக்கிப் போடாதவர். நாற்பதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் வெளியிட்ட குழுவில் எல்லாமே தங்கமாக இருக்காது. இவற்றைச் சொல்வதால் 'புரொப்பெல்லர்', 'பீ தவுசண்ட்' ஆகியவற்றின் மதிப்பு குறையாது. குறையைச் சொல்லும் வாயிலிருந்து வரும் பாராட்டுக்குத்தான் எடை அதிகம்.

விமர்சகர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதை அறிவேன். மேசையில் குவியும் பதிவுகளுக்கு அளவில்லை. எல்லாவற்றையும் கேட்க ஆயுள் போதாது. லேபிள் என்பது முதல் சல்லடை என்பார்கள். அந்தச் சல்லடை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். ஆறு ஆண்டுகளில் வெளிவந்த ஐந்து ஆல்பங்களை அது கீழே விட்டுவிட்டது. கடைசியில் பிடித்துக்கொடுத்ததும் பெரிய கம்பெனி இல்லை. தானே ஒரு தட்டைக் கேட்டு, தானே முடிவெடுத்த கிளீவ்லாந்துக்காரர் ஒருவர். அவர் செய்ததை, எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்திருக்க முடியும். போலார்ட் சொன்னபடி கடையைக் கட்டியிருந்தால் இந்த இசையை நாம் இழந்திருப்போம்; அதன் இழப்பை யாரும் உணர்ந்துகூட இருக்க மாட்டோம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஒரு மடிக்கணினியில் நூறு தடம் பதியலாம். பதிந்த இரவே உலகத்துக்குத் திறந்துவிடலாம். தட்டு அச்சடிக்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால், கேட்பவரிடம் போய்ச் சேர்வது முன்னிலும் கடினமாகிவிட்டது. கேட்ட எண்ணிக்கையைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அன்று லேபிள் பெயர் செய்த வேலையை இன்று அந்த எண்ணிக்கை செய்கிறது. இரண்டுமே காதுக்கு முன்னால் வந்து நின்று தீர்ப்புச் சொல்பவை. இந்த நேரத்தில் விமர்சகரின் தேவை கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

ஆகவே, இசை பற்றி எழுதும் இதழ்களுக்கும் நாளிதழ்களுக்கும் என் கோரிக்கை இது. எந்தக் கம்பெனியின் ஆதரவும் இல்லாத பதிவு ஒன்றுக்கு மாதம் ஒரு முறையாவது முழு மதிப்புரைக்கான இடம் ஒதுக்குங்கள். எழுதுபவர் அதை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்டிருக்க வேண்டும். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எது பிடித்தது, எது சறுக்கியது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். கலைஞரின் வறுமை, வேலை, வயது எல்லாம் கடைசிப் பத்தியில் வரட்டும். வராமல் போனாலும் பாதகமில்லை. பதிவு மோசம் என்றால் மோசம் என்றே எழுதலாம். கேட்காமல் ஒதுக்கியதைவிட, கேட்டுவிட்டுத் திட்டியதை எந்தக் கலைஞரும் மேலாகவே நினைப்பார். நன்றாக இருந்தால் ஒப்பந்தம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, முதல் பக்கத்து ஆல்பத்துக்குத் தரும் அதே அளவுகோலில், முழுக் குரலில் சொல்லுங்கள்.