மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் ஃபிளாட் வாங்கப் போறீங்களா? டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் யு.டி.எஸ். பாருங்க!

மந்தைவெளியிலும் அடையாறு காந்தி நகரிலும் நடந்து போனால், தெருவுக்கு ஒரு பழைய அடுக்குமாடியாவது தகரத் தடுப்புக்குள் நிற்பதைப் பார்க்கலாம். 1980, 90களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அதே மனையில் புது ஃபிளாட்டுகள் எழுகின்றன. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியில் திருமயிலை, மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் எனச் சுரங்க நிலையங்கள் வருவதால், இந்தப் பகுதிகளில் வீடு தேடுவோரும் குறையவில்லை.

"சார், பழைய ஃபிளாட்தான். ஆனா ரீடெவலப்மென்ட் வந்தா உங்களுக்கு ஜாக்பாட்!" என்பார் புரோக்கர். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஜாக்பாட் எவ்வளவு என்பதைச் சொல்வது ஹாலின் அளவோ மார்பிள் தரையோ இல்லை. பத்திரத்தில் இருக்கும் ஒரே ஒரு எண்: யு.டி.எஸ்.

யு.டி.எஸ். என்றால் என்ன?

அடுக்குமாடி நிற்கும் மொத்த மனையில் ஒரு ஃபிளாட்டுக்குச் சேர வேண்டிய பிரிபடாத பங்குதான் யு.டி.எஸ். கட்டடத்துக்கு வயதாக வயதாக அதன் மதிப்பு குறையும். நிலத்தின் மதிப்பு ஏறும். 35 வருட ஃபிளாட்டை இன்று ஒருவர் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார் என்றால், அவர் வாங்குவது பெரும்பாலும் நிலத்தைத்தான்.

ஒரு கணக்கு பார்ப்போம்

2 கிரவுண்ட் மனை, அதாவது 4,800 சதுர அடி. அதில் தலா 1,200 சதுர அடியில் 6 ஃபிளாட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தக் கட்டடம் 7,200 சதுர அடி. இது பழைய தளப்பரப்புக் குறியீடான 1.5-க்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் யு.டி.எஸ். 800 சதுர அடி.

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரம் குறைந்த கட்டடங்களுக்கு இந்தக் குறியீட்டை 2 ஆக உயர்த்தின. சாலை அகலம் போன்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், அதே மனையில் இப்போது 9,600 சதுர அடி கட்டலாம். பழைய 6 பேருக்கும் அதே அளவில் புது வீடு கொடுத்த பிறகும், பில்டர் கையில் 2,400 சதுர அடி மிஞ்சும். அதுதான் அவர் விற்கப்போகும் 2 புது ஃபிளாட். தெரு அகலமாக இருந்து, கட்டணம் செலுத்தி 'பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.' வாங்க முடிந்தால் இன்னும் கூடுதல்.

இதில் கவனிக்க வேண்டியது, 8 வீடு ஆனதும் ஒவ்வொருவரின் யு.டி.எஸ்.ஸும் 800-லிருந்து 600 ஆகக் குறைகிறது. புதிதாக வாங்குபவர் புது விலை கொடுத்தாலும், கிடைப்பது அதே 600 சதுர அடி நிலம்தான்.

'எல்லோரும் ஒத்துக்கணுமே?'

ஒருவர் மறுத்தாலே மொத்தத் திட்டமும் முடங்கிப்போன காலம் உண்டு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022, கடந்த 2024-ல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். நம் உதாரணத்தில் 6 பேரில் 4 பேர். எனவே பழைய ஃபிளாட் வாங்குபவர், அங்கே ஏற்கெனவே பேச்சுவார்த்தை நடக்கிறதா, பில்டருடன் ஒப்பந்தம் ஏதும் போட்டிருக்கிறார்களா என்று சங்கத்திடம் கேட்டுவிடுவது நல்லது. வாங்கிய ஆறாவது மாசமே வாடகை வீட்டுக்குப் போக வேண்டி வரலாம்.

ரெரா எண் இல்லையா?

500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில், 8 வீடுகளுக்கு மிகாமல் கட்டினால் ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2 கிரவுண்ட் என்பது சுமார் 446 சதுர மீட்டர். அதாவது மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நடக்கும் பல சின்ன மறுகட்டுமானங்கள் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். ரெரா எண் இல்லை என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. ஆனால் வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற பாதுகாப்பு அங்கே கிடைக்காது. அதனால் கட்டடப் பணி எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப மட்டுமே பணம் கொடுக்கும்படி ஒப்பந்தம் போடுவது அவசியம்.

அடிமனை யாருடையது?

மயிலாப்பூரில் இந்தக் கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கபாலீசுவரர் கோயில் உள்ளிட்ட கோயில்களுக்குச் சொந்தமான மனைகள் இங்கே நிறைய உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவருடையது, நிலம் கோயிலுடையது. அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. "அடிமனை வாடகை கட்டிட்டிருக்கோம், பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால், அங்கே யு.டி.எஸ். என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரிபார்ப்பது எப்படி?

• பத்திரத்தில் உள்ள யு.டி.எஸ்.ஸை மட்டும் பார்த்தால் போதாது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, அந்த மனையின் எல்லா ஃபிளாட்டுகளின் யு.டி.எஸ்.ஸையும் கூட்டுங்கள். தாய்ப்பத்திரத்தில் இருக்கும் மொத்த நிலத்தைத் தாண்டினால், எங்கேயோ தவறு இருக்கிறது.

• வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவு செய்யாத உயில், வாய்வழிப் பாகப்பிரிவினை எல்லாம் அதில் தெரியாது. பரம்பரைச் சொத்து என்றால் மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.

• சி.எம்.டி.ஏ. அல்லது மாநகராட்சி ஒப்புதல் கொடுத்த வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இல்லாத மாடியில் வீடு வாங்கினால், பின்னாளில் இடிப்பு நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

• விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறாரா? இந்தப் பகுதிகளில் இது சகஜம். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் வாங்கினால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டினால் போதும். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் பிடித்தம் அதைவிடப் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை கேட்பது வாங்கியவரிடம்தான். பவர் ஆஃப் அட்டர்னி மூலம் விற்றால், கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பதையும் உறுதி செய்யுங்கள். அவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும்.

பதிவுச் செலவு எவ்வளவு?

2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு நிலமும் கட்டடமும் சேர்த்தே பதிவு நடக்கிறது. 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம், அதற்கு மேல் 9 சதவீதம். மறுவிற்பனை வீடு என்றால் 9 சதவீதம். 1 கோடி ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்குப் புதியதில் 7 லட்சம், பழையதில் 9 லட்சம். இந்த 2 லட்ச வித்தியாசத்தையும் பேரம் பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு" என்பது எல்லாத் தெருவிலும் கேட்கும் வசனம். தாய்ப்பத்திரத்தின் நகலைக் கொடுக்கத் தயங்கும் விற்பனையாளர் என்றால், அந்த இன்னொரு பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். நகல் கைக்கு வந்தால், ஒரு வக்கீலிடம் காட்டி ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுப்பதே பாதுகாப்பு.