துடிப்புக்கு நடுவே

பல்வலி என்றால் தாராவியில் பலருக்கு முதல் வைத்தியம் கிராம்பு. அடுத்தது மருந்துக் கடை மாத்திரை. கன்னம் வீங்கிய பிறகே மாஹிமில் ரயிலேறி, மும்பை சென்ட்ரல் அருகே 1933-ல் தொடங்கப்பட்ட நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்குப் பயணம். தள்ளிப்போட வைப்பது காசு மட்டுமல்ல, பயமும்தான்.

இந்தப் பயத்தை ஓரளவு அளக்கலாம். ஆனால் நாடியை எண்ணினால் போதாது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் நொடிக்கு ஒன்று என்று அர்த்தமில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்புகளின் இடைவெளி குறையும், விடும்போது கூடும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை இது. பதற்றத்தில் அதன் பிடி தளர்ந்து, இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிவிடுகிறது. கடிகாரம் போலத் துடிப்பதுதான் நல்ல இதயம் என்ற எண்ணம் இங்கே தலைகீழ்.

ஊசிக்கு முன்பே இதைப் பதிவு செய்தால், பயத்தை வாய் திறந்து சொல்லாதவரையும் (வாய் திறந்துதான் இருக்கிறது!) டாக்டர் கவனிக்கலாம். இதய நோயாளிக்கு இது சின்ன விஷயமல்ல. மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். பயந்த உடலும் அதையே சுரக்கிறது.

சிக்கல்களும் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க இதய நிபுணர்கள் 1996-ல் வகுத்த நெறிமுறை 5 நிமிடப் பதிவு கேட்கிறது. நீண்ட வரிசைக்கு நடுவே அது அதிகம். சர்க்கரை நோயும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் எண்ணை மாற்றும். மாட்டுங்காக்காரரின் எண்ணை செம்பூர்க்காரரோடு ஒப்பிடவும் முடியாது. துடிப்பு தாறுமாறானாலும் எண் உயரும்; அது ஆரோக்கியமல்ல.

கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி, பல் பிடுங்குவதற்காக இதய மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் முதலில் நீட்ட வேண்டியது மாத்திரைச் சீட்டைத்தான்.