எரிமலை காணச் செல்வோர்க்கு

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் நிலம் பெரும்பாலும் சமமானது. வயல்வெளியில் நிற்பவர்க்கு ஏரிக்கரையே உயர்ந்த மேடாகத் தோன்றும். இத்தகைய ஊர்களில் பிறந்து வளர்ந்த இளைஞர் சிலர் கதிரவன் எழும் வேளையில் ஓர் எரிமலையைக் கண்டுவர வேண்டும் என்று இந்நாளில் ஆவல் கொண்டுள்ளனர். அதற்கெனப் பயண நிறுவனத்தாரை நாடாது, தாமே வழி வகுத்துச் செல்ல வேண்டும் என்றும் எண்ணுகின்றனர். முதியோருள் சிலர் இதனை வீண் செலவு என்பர். வேறு சிலர் வீண் துணிவு என்பர். யானும் முதியோருள் ஒருவனே. எனினும் இளைஞர் பக்கமே நிற்கின்றேன். கடன் வாங்கிச் செல்லுதல் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். நிலத்தை அடகு வைத்துப் பார்க்கத் தக்க மலை உலகில் எதுவும் இல்லை.

பிறர் வகுத்த பயணத்தில் செல்பவன், இறக்கிவிட்ட இடத்தில் இறங்கி, காட்டியதைக் கண்டு, ஏறச் சொன்னபோது ஏறுகின்றான். தானே வகுத்துக்கொள்பவனோ புறப்படுவதற்கு ஆறு திங்கள் முன்னரே அவ்விடத்தைக் கற்கத் தொடங்குகின்றான். ஆனால் அவன் கற்க வேண்டுவனவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. எவ்விடத்தில் நிற்பது, எப்பொழுது திரும்புவது என்பதே அது. அதனை அறியாதவன் தனியே புறப்படத் தகுதி பெற்றவன் அல்லன் என்பது என் துணிபு.

எரிமலை நம் அருகில் உண்டா? செஞ்சி மலைகளைக் காட்டி, அவை ஒரு காலத்தில் தீக்கக்கிய மலைகள் என்று கூறுவோர் உளர். அது பிழை. நிலத்தின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து இறுகிய கருங்கல், மேல்மண் கரைந்தபின் வெளிப்பட்டதே செஞ்சிப் பாறை. இந்தியாவில் இன்றும் தீக்கக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு அது. 1787ஆம் ஆண்டில் அது சீறியதைக் கண்டோர் எழுதி வைத்துள்ளனர். நெடுங்காலம் அடங்கியிருந்து 1991இல் மீண்டும் விழித்தது. அத்தீவில் மக்கள் இல்லை. கப்பலிலிருந்து காணலாமேயன்றிக் கரையேறி மலையில் நடக்க இயலாது.

ஆதலின், மலைமேல் நின்று விடியலைக் காண விரும்பும் புதுவையார்க்கு ஏற்ற இடம் ரெயூனியன் தீவே என்பேன். இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்கு அண்மையில் உள்ள பிரெஞ்சுத் தீவு அது. நமக்கும் அதற்கும் உறவு பழையது. 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தமையால், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டனர். ஆங்கில அரசு 1882இல் தன் ஆட்சிப் பகுதியில் ஆள் திரட்டுதலைத் தடுத்தது. அவ்வாறு சென்றோரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பலர் தமிழ் பேசுதலை மறந்தனர். தீமிதித் திருவிழாவை மறக்கவில்லை. நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில்களில் நடப்பது போன்றே அங்கும் தீமிதி நடைபெறுகின்றது. அம்மக்கள் போகுமிடம் இன்னதென்று அறியாமலே கப்பலேறினர். பயணத்தை வகுத்தோர் பிறர். அவர்களுடைய ஊர்க்காரர் இன்று தம் விருப்பத்தால், தம் திட்டத்தால், அத்தீவுக்குச் சென்று வருதல் நன்றேயன்றோ?

அத்தீவின் எரிமலைக்குப் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்று பெயர். உலைக்களக் கொடுமுடி என்பது அதன் பொருள். உயரம் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி சீறும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று. அது வெடித்துச் சிதறுதல் குறைவு; பெரும்பாலும் தீக்குழம்பைப் பிளவுகளின் வழியே ஆறு போல வழியவிடும். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் குழம்பு கடல்வரை பாய்ந்தது. உள்ளிருந்த குழம்பு வெளியேறியமையால் உச்சியிலுள்ள தொலொமியே என்னும் எரிமலைவாயின் தளம் 300 மீட்டருக்கு மேல் இடிந்து தாழ்ந்தது. மாணவர்கள் வியக்கத் தக்க செய்தி மற்றொன்று உண்டு. எல்லோராக் குகைகள் குடையப்பட்டுள்ள தக்காணத்துக் கரும்பாறையும் இம்மலையும் ஒரே வெப்ப ஊற்றிலிருந்து பிறந்தவை என்று நிலநூலார் கூறுகின்றனர். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலம் அவ்வூற்றின் மேல் இருந்தது. பின் வடக்கே நகர்ந்து வந்துவிட்டது.

விடியலில் ஏன் காண வேண்டும் என்பார்க்கு விடை எளிது. முற்பகலிலேயே முகில் ஏறி மலையை மூடிவிடும். பூர்-முரா என்னும் ஊரில் இரவு தங்கி, விடியுமுன் வண்டியில் புறப்பட்டு, மணல்வெளி என்று பொருள்படும் பெயருடைய பாழ்நிலத்தைக் கடந்தால், 2,311 மீட்டர் உயரத்தில் உள்ள பெல்கோம் கணவாயை அடையலாம். சாலை அங்கே முடிகின்றது. விளிம்பில் நின்றால், கீழே குதிரைக் குளம்பு வடிவில் பெரும்பள்ளம். அதன் நடுவே மலை. அப்பால் கடலிலிருந்து எழும் கதிரவன். அங்குச் சென்று வந்த என் பழைய மாணவர் ஒருவர், முதலில் சிவந்தது வானமன்று, பள்ளத்துள் இருக்கும் சிறு மண்குன்றே என்று கூறினார். அக்குன்றின் மண்ணே செந்நிறம். வெயில் பட்டவுடன் கனல்வது போல் தோன்றுமாம்.

திட்டமிடுவோர் சிலவற்றை முன்னரே முடித்துக்கொள்ளல் வேண்டும். மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. ஆண்டின் முதல் மூன்று திங்கள் புயற்காலம். 1962ஆம் ஆண்டில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பத்தார்க்கு நுழைவிசைவு வேண்டுவதில்லை. ஏனையோர் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகம் வழியாக விதிகளைத் தெளிவாக அறிந்துகொள்க. பிரான்சுக்குப் பெற்ற இசைவே அத்தீவுக்கும் போதும் என்று கருதிவிடலாகாது. குளிர் நம்மவர் எண்ணுவதினும் கடுமையானது. சூன், சூலைத் திங்களின் விடியலில் நீர் உறையும் நிலையை நெருங்கும். மார்கழிப் பனிக்கு நாம் போர்த்தும் துண்டு அங்கே உதவாது. கம்பளி உடை, நல்ல காலணி, கைவிளக்கு, மூன்று படிக்குக் குறையாத குடிநீர் ஆகியவை வேண்டும். பள்ளத்துள் இறங்குவோர்க்குப் பாறைகளில் வெண்சாந்தால் குறியிட்ட பாதை உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் அக்குறிகள் புலப்படா. ஆகவே, தானே வகுத்த பயணமாயினும், அந்த ஒரு நாளைக்கு வழி அறிந்த உள்ளூரார் ஒருவரைத் துணைக்கொள்ளுதல் இழுக்கன்று.

வழிகாட்டி என்றதும் அக்கணவாயின் பெயர் நினைவுக்கு வருகின்றது. பெல்கோம் என்பார் அத்தீவின் ஆளுநராக இருந்தவர். பின்னர்ப் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்து, 1778இல் ஆங்கிலேயர் நம் நகரை முற்றுகையிட்டபோது அதனைக் காத்து நின்றவரும் அவரே. அவர் காலத்தில், 1768ஆம் ஆண்டில், எரிமலையைக் காணச் சென்ற குழுவினர் செங்குத்தான அப்பாறைச் சுவரின் விளிம்பில் இறங்க வழியின்றித் திகைத்தனர். வழியைக் கண்டவர் ழாக்கோப் என்னும் அடிமை. நெடுங்காலம் ஆளுநரின் பெயர் மட்டுமே அவ்விடத்திற்கு வழங்கியது. இப்பொழுது பெல்கோம்–ழாக்கோப் கணவாய் என்று இருவர் பெயரையும் சேர்த்து வழங்குகின்றனர். இம்மாற்றம் எனக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. அடிமையின் பெயரை முதலில் வைத்திருப்பின் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

மலை அடங்கியிருக்கும்போதுதான் பள்ளத்துள் இறங்க விடுவர். தீக்கக்கும் அறிகுறி தென்பட்டவுடன் கணவாயின் கதவை அடைத்துவிடுவர். நெருங்கும்போது நெருப்பு இல்லை. நெருப்பு உள்ளபோது நெருங்க இயலாது. இதனை ஏற்றுக்கொள்ளாதவர் அங்குச் செல்லாமலிருத்தலே நலம். நெடுந்தொலைவு வந்துவிட்டோமே, பெரும்பொருள் செலவிட்டோமே என்று கதவைத் தாண்டிக் குதிப்பாரும் உளர். அதனைத் துணிவு என்று பாராட்டுவோரை யான் கண்டிக்கின்றேன். சப்பானில் ஒன்தாக்கே என்னும் மலை 2014 செப்டம்பர் 27ஆம் நாள் நண்பகலில் திடீரென வெடித்தது. எச்சரிக்கை மிகக் கீழ்ப்படியிலேயே இருந்தது. மலையேறியோர் விதி எதனையும் மீறவில்லை. எனினும் 58 பேர் மாண்டனர். ஐவரின் உடல்கள் கிடைக்கவில்லை. விதிப்படி நடந்தோர்க்கே அந்நிலை என்றால், விதியை மீறுவோர்க்கு என்ன சொல்வது?

ஆகவே திட்டத்தில் இரண்டு நாள்களை வெறுமையாக விட்டு வைத்தல் வேண்டும். முதல் நாள் முகில் மூடினால் மறுநாள் விடியலுக்குக் காத்திருக்கலாம். கதவு அடைபட்டிருந்தால் கிழக்குக் கடற்கரைக்கு இறங்கிச் செயின்த் ரோஸ் பகுதிக்குச் செல்லலாம். அங்கே 1977இல் தீக்குழம்பு ஓர் ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. கிறித்தவக் கோயிலைச் சுற்றி வளைத்து, வாயிற்படியை அடைந்து, அங்கேயே இறுகி நின்றுவிட்டது. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே பூர்-முராவில் எரிமலை ஆய்வகம் அமைத்தனர். இரவும் பகலும் மலையின் அதிர்வைக் கணித்து, கதவை எப்பொழுது அடைக்க வேண்டும் என்பதற்கு அறிகுறி தருவோர் அவ்வாய்வகத்தாரே.