வற்றிய குட்டை வெறும் காணி அல்ல

"மாரியில மட்டும்தான் தண்ணி நிக்குது, கோடையில வெடிச்சுக் கிடக்குது. நாலு டிப்பர் கிரவல் போட்டா காணியாவது மிஞ்சும்." இந்தக் கதையை ஊரில் நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! படித்தவர்களும் இதையே சொல்வதுதான் கவலை.

ஸிம்பாப்வேயிலும் மொஸாம்பிக்கிலும் சில மாதங்களுக்கு மட்டும் நிறையும் மழைக்குட்டைகள் இருக்கின்றன. அங்கே டர்க்கொய்ஸ் கில்லி என்றொரு சிறு மீன் வாழ்கிறது. பொரித்து இரண்டு வாரத்திலேயே அது முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும். குட்டை வற்றினால் மீன்கள் அத்தனையும் சாகும். முட்டைகள் மட்டும் சேற்றுக்குள் வளர்ச்சியை நிறுத்திவைத்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். முதல் மழை ஏமாற்றலாம் அல்லவா? அதனால் எல்லா முட்டைகளும் ஒரே மழைக்குப் பொரிப்பதுமில்லை.

1971இல்தான் விஞ்ஞானம் இந்த மீனுக்குப் பெயர் வைத்தது. இன்று முதுமை ஏன் வருகிறது என்று ஆராயும் ஆய்வுகூடங்கள் இதை வளர்க்கின்றன. அந்தக் குட்டைகளைக் கோடையில் யாராவது நிரப்பியிருந்தால்? ஒரு மீன்கூடச் செத்து மிதந்திருக்காது. என்ன அழிந்தது என்றே எவருக்கும் தெரிந்திருக்காது.

பிரேசிலில் அதுதான் நடக்கிறது. வயலுக்கும் வீதிக்கும் வீட்டுக்குமாகக் குட்டைகள் நிரப்பப்பட்டன. 2014இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட அழியும் ஆபத்திலுள்ள மீன்களின் பட்டியலில், இவற்றின் உறவு மீன்கள் மட்டும் நூற்றுக்கு மேல்.

"நம்மட ஊரில அந்த மீன் இல்லையே" என்பீர்கள். உண்மைதான், இல்லை. ஆனால் தவளை முட்டையிடுவது அந்தப் பள்ளத்தில்தான். மாரி வெள்ளம் தங்கி நிலத்துக்குள் இறங்குவதும் அங்கேதான். பள்ளத்தை மூடினால் வெள்ளம் மறைந்துவிடாது, அடுத்த பதிவான வளவுக்குள் போகும். அங்கே இருப்பது பெரும்பாலும் ஏழையின் வீடு.

"நுளம்பு பெருகுது" என்பது அடுத்த நியாயம். டெங்கு நுளம்பு பெருகுவது டயரிலும் யோகட் கோப்பையிலும் பீலியிலும். முதலில் அவற்றைத் துப்புரவாக்குவோம்.

தற்காலிகக் குட்டைகளைப் பாதுகாக்க ராம்சார் மாநாடு 2002இலேயே தனித் தீர்மானம் எடுத்தது. இலங்கை 1990 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஊர்க்கூட்டத்தில் "வெறும் பள்ளம்" என்று யாராவது எழும்பினால், நாம் ஒரு கேள்வி கேட்போம்: "நீங்கள் அதை எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்கள்?"